5⁰ ஏன் ஒன்று? 2⁻³ ஏன் குறை எண் இல்லை?

கேள்வி: ஜூன் 18, மாலை 7.05

என் மகள் எட்டாம் வகுப்புப் படிக்கிறாள். நோட்டில் 5⁰ = 1 என்று எழுதியிருந்தாள். ஏன் என்று கேட்டேன். "அது விதி" என்றாள். எனக்குத் தெரிந்து 5² என்றால் இரண்டு ஐந்துகளைப் பெருக்குவது, 5³ என்றால் மூன்று ஐந்துகளை. அப்படியானால் 5⁰ என்பதில் ஐந்தே இல்லை. ஒன்றும் இல்லை என்றால் பூச்சியம்தானே வரவேண்டும்? அடுத்த பக்கத்தில் 2⁻³ என்பதற்கு −8 என்று விடை எழுதியிருந்தாள். ஆசிரியர் அதைச் சுழித்து 1/8 என்று திருத்தியிருக்கிறார். இரண்டைக் குறை மூன்று முறை பெருக்குவது எப்படி? யாரோ தங்கள் வசதிக்காகச் செய்துகொண்ட ஏற்பாட்டைப் பிள்ளைகள் தலையில் கட்டுகிறார்கள் என்றே நினைக்கிறேன். இல்லை என்பவர்கள் விளக்குங்கள்.

பதில்: ஜூன் 18, இரவு 10.40

படிக்கட்டாக எழுதிப் பாருங்கள்.

5³ = 125
5² = 25
5¹ = 5

ஒரு படி இறங்கினால் அடுக்கில் ஒன்று குறைகிறது, மதிப்பு ஐந்தால் வகுபடுகிறது. 125 போய் 25, 25 போய் 5. அடுத்த படியில் 5ஐ ஐந்தால் வகுத்தால் 1. அங்கே அடுக்கு பூச்சியம். அதற்கும் கீழே 1/5, அடுக்கு குறை ஒன்று. அதற்கும் கீழே 1/25, அடுக்கு குறை இரண்டு. எத்தனை படி இறங்கினாலும் பூச்சியம் வராது, குறை எண்ணும் வராது. ஐந்தால் வகுத்துக்கொண்டே போனால் எண் சிறுக்கும், இல்லாமல் போகாது.

இன்னொரு வழியும் உண்டு. 5³ ÷ 5³ என்பதை வகுத்தல் விதிப்படி அடுக்குகளைக் கழித்துச் செய்தால் 5⁰. நேராக வகுத்தால் 125/125, அதாவது 1. ஆகவே 5⁰ = 1. எந்த எண்ணை எடுத்தாலும் இதுதான். நிரூபணம் இவ்வளவே.

ஜூன் 19, காலை 6.15

இரவு எழுதியதைத் திரும்பப் படித்தேன். கேட்டவருக்கு அது பதிலாகவில்லை. ஐந்தே இல்லாத இடத்தில் அந்த ஒன்று எங்கிருந்து முளைத்தது என்பதுதான் அவர் கேள்வி. நான் படிக்கட்டைக் காட்டிவிட்டுப் போய்விட்டேன்.

கூட்டலில் தொடங்குமிடம் பூச்சியம். காலி உண்டியலில் மூன்று முறை ஐந்து ரூபாய் போட்டால் 0 + 5 + 5 + 5. ஒரு முறையும் போடாவிட்டால் 0. இது யாருக்கும் உறுத்துவதில்லை. பெருக்கலை அந்தக் காலி உண்டியலிலிருந்து தொடங்கமுடியாது. 0 × 5 × 5 × 5 என்று போட்டால் எத்தனை ஐந்து சேர்த்தாலும் பூச்சியமே மிஞ்சும். பெருக்கலில் எதையும் மாற்றாத எண் ஒன்று. அதனால் 5³ஐ 1 × 5 × 5 × 5 என்று படிக்கவேண்டும். 5² என்றால் 1 × 5 × 5. 5¹ என்றால் 1 × 5. 5⁰ என்றால் ஐந்தால் ஒரு முறையும் பெருக்கவில்லை, தொடங்கிய ஒன்று அப்படியே நிற்கிறது. முதலிலிருந்தே அது அங்கேதான் இருந்தது. நாம் எழுதாமல் விட்டோம்.

நானும் எட்டாம் வகுப்பில் 7⁰ = 0 என்றுதான் எழுதினேன். அடித்துவிட்டு "மனப்பாடம் செய்" என்றார்கள். செய்தேன். தேர்வில் தவறு வரவில்லை. ஆனால் அன்று முதல் இயற்கணிதம் என்றாலே யாரோ ரகசியமாக எழுதிவைத்த சட்டப் புத்தகம் என்ற எண்ணம் மனத்தில் தங்கிவிட்டது. அது கரைய வெகுகாலம் பிடித்தது. இந்தக் கேள்வியைக் கண்டதும் தூக்கம் போனது அதனால்தான்.

ஜூன் 19, பகல் 1.30 (சாப்பாட்டு இடைவேளை)

நான் அச்சகத்தில் பைண்டிங் பகுதியில் வேலை செய்கிறேன். மாலையில் எங்கள் தெருப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித் தருகிறேன். எனக்கு அடுக்கு விளங்கியது தாள் மடிக்கும்போதுதான். அதைச் சொல்லிவிடுகிறேன்.

புத்தக அளவுகளில் டெமி 1/8 என்று ஒன்று உண்டு. முழு டெமித் தாளை ஒரு முறை மடித்தால் இரண்டு இலை. இரண்டாம் முறை நான்கு. மூன்றாம் முறை எட்டு. எட்டு இலைக்கு 16 பக்கம், அதை ஒரு பாரம் என்கிறோம். இப்போது இரண்டு கேள்விகள் கேட்கலாம். இலை எத்தனை? 2³. ஒவ்வோர் இலையும் முழுத் தாளில் எவ்வளவு? எட்டில் ஒன்று, அதாவது 2⁻³. மடித்தது மூன்றே முறைதான். எண்ணிக்கையைக் கேட்டால் மேலே போகிறது, அளவைக் கேட்டால் கீழே போகிறது. அடுக்கில் உள்ள குறைக் குறி சொல்வது அந்தத் திசையைத்தான்.

மடிக்காத தாளைக் கையில் வைத்துக்கொண்டு அதே இரண்டு கேள்விகளையும் கேளுங்கள். இலை ஒன்று. அளவும் முழுத் தாளில் ஒரு பங்கு. மடிப்பு பூச்சியம், தாள் ஒன்று. பூச்சிய முறை மடித்ததால் தாள் காணாமல் போய்விடவில்லை.

அலுவலகங்களில் புழங்கும் ஏ4 தாளும் இதே கதைதான். ஏ0 என்ற பெரிய தாளின் பரப்பு ஒரு சதுர மீட்டர். அதைச் சரிபாதியாக வெட்டினால் ஏ1, மறுபடி வெட்டினால் ஏ2. நான்கு முறை வெட்டினால் ஏ4. பரப்பு 2⁻⁴, பதினாறில் ஒன்று. ஏ0 என்பதில் உள்ள பூச்சியம் "இன்னும் வெட்டவில்லை" என்று சொல்கிறது. அதன் பரப்பு 2⁰ சதுர மீட்டர். அந்தத் தாளை மேசைமேல் விரித்தபின் 2⁰ என்பதைப் பூச்சியம் என்று யாராலும் சொல்லமுடியாது, மேசை முழுவதும் தாளாகக் கிடக்கும்.

எடையையும் இதை வைத்தே சொல்லலாம். சதுர மீட்டருக்கு 80 கிராம் உள்ள தாள் என்றால் ஏ4 ஒன்று 80 × 2⁻⁴ = 5 கிராம். 500 தாள் கட்டு இரண்டரைக் கிலோ.

ஜூன் 20, காலை 7.20

ஒருவர் தன் வீட்டுக் கட்டைத் தராசில் வைத்துப் பார்த்துவிட்டு இரண்டரைக் கிலோ வரவில்லை என்கிறார். உறையைப் பாருங்கள், 75 ஜிஎஸ்எம், அதாவது சதுர மீட்டருக்கு 75 கிராம் என்று இருக்கும். கடைகளில் அதுதான் அதிகம். 75 × 2⁻⁴ = 4.6875 கிராம், 500 தாளுக்கு ஏறத்தாழ 2.34 கிலோ. நான் 80 என்று எடுத்தது கணக்கு முழு எண்ணாக வருவதற்காக. அதைச் சொல்லியிருக்கவேண்டும்.

இன்னும் நுணுக்கமாகப் பார்த்தால் ஏ4 என்பது 210 × 297 மில்லிமீட்டர், 62,370 சதுர மில்லிமீட்டர். சரியான பதினாறில் ஒன்று 62,500. பக்கங்களை முழு மில்லிமீட்டராக வைத்துக்கொண்டதால் 130 குறைகிறது. தராசில் அது தெரியாது.

ஜூன் 20, இரவு 11.00

முதல் நாள் "நிரூபணம் இவ்வளவே" என்று முடித்தேனே, அதைத் திரும்பப் பெறுகிறேன்.

வகுக்கும்போது அடுக்குகளைக் கழிக்கலாம் என்ற விதி எப்படி வந்தது? 5⁵ ÷ 5² என்பதில் மேலே ஐந்து ஐந்துகள், கீழே இரண்டு. இரண்டு அடிபட்டு மூன்று மிஞ்சுகின்றன. மேலே அதிகமாகவும் கீழே குறைவாகவும் இருக்கும்போது கண்ணால் கண்டு உருவாக்கிய விதி அது. மேலும் கீழும் சமமாக இருக்கும்போதும் அது செல்லும் என்று நான் எங்கே காட்டினேன்? 5⁰ என்றால் என்ன என்றே தெரியாத நிலையில், 5⁰க்கும் விதி பொருந்தும் என்று வைத்துக்கொண்டு 5⁰இன் மதிப்பைக் கண்டுபிடித்தேன். அது நிரூபணம் ஆகாது.

உண்மை நிலை இது. அடுக்கை எண்ணிக்கை என்று மட்டும் கொண்டால் 5⁰, 5⁻¹ இரண்டுக்கும் பொருளே இல்லை. பொருள் கொடுப்பதா வேண்டாமா என்பது நம் விருப்பம். கொடுப்பதென்று முடிவு செய்தால், பெருக்கும்போது அடுக்குகள் கூடும் என்ற விதி உடையாமல் இருக்கவேண்டும் என்று கேட்கிறோம். கேட்டவுடனே நம் கை கட்டப்படுகிறது. 5² × 5⁰ = 5² ஆகவேண்டும். 25ஐ எதனால் பெருக்கினால் 25 வரும்? ஒன்றைத் தவிர வேறெதுவும் இல்லை. 5¹ × 5⁻¹ = 5⁰ = 1 ஆகவேண்டும். 5ஐ எதனால் பெருக்கினால் 1 வரும்? 1/5 மட்டுமே.

ஆகவே கேட்டவர் "வசதிக்காகச் செய்துகொண்ட ஏற்பாடு" என்றதில் பாதி சரி. ஏற்பாடுதான். ஆனால் வேறு விதமாக ஏற்பாடு செய்ய இடமே இல்லை. பூச்சியம் என்று வைத்தால் 25 × 0 = 25 என்று வந்து நிற்கும். பிள்ளைகளிடம் "விதி, மனப்பாடம் செய்" என்பதற்குப் பதிலாக "நீயே ஓர் எண் வைத்துப் பார், எது உடையாமல் நிற்கிறது?" என்று கேட்டால் பத்து நிமிடத்தில் ஒன்றில் வந்து நிற்கிறார்கள். நான் பலமுறை கண்டிருக்கிறேன்.

ஜூன் 21, இரவு 9.10

−8க்கு வருவோம். கேட்டவருடைய மகள் மட்டும் எழுதுவதில்லை. என்னிடம் வரும் பிள்ளைகளில் பாதிப் பேர் முதலில் −8 என்றும், சிலர் −6 என்றும் எழுதுகிறார்கள். −6 எழுதுபவர்கள் அடுக்கையே பெருக்கல் என்று நினைக்கிறார்கள், அது வேறு சிக்கல். −8 எழுதுபவர்களுக்கு அடுக்கு புரிந்திருக்கிறது. மேலே நிற்கும் குறைக் குறியைக் கீழே இறக்கி விடையின் முன்னால் வைத்துவிடுகிறார்கள். அவர்கள் மேல் தவறில்லை. அதுவரை அவர்கள் கண்ட குறைக் குறி எல்லாம் கடனையும் பள்ளத்தையும் குளிரையும் குறித்தது. மடிப்பின் திசையைக் குறிக்கும் என்று யாரும் சொல்லவில்லை.

போன வருடம் ஒரு சிறுமி இதில் பிடிவாதமாக நின்றாள். ஒரு தாளைக் கொடுத்து மடிக்கச் சொன்னேன். ஒவ்வொரு மடிப்புக்கும் பென்சிலால் 2⁻¹, 2⁻², 2⁻³ என்று எழுதினாள். மூன்றாவதை எழுதிவிட்டு அந்தச் சிறு துண்டை விரலால் தடவிப் பார்த்தாள். "இது குறை எட்டு இல்லை, சின்னது" என்றாள். நான் எதுவும் சொல்லவேண்டியிருக்கவில்லை.

ஜூன் 22, மாலை 6.00

இன்று வேலை முடிந்து வரும் வழியில் தோன்றியது. குறை அடுக்குகளுக்கு நம்மிடம் பெயர்களே இருந்திருக்கின்றன! ஒன்று, அரை, கால், அரைக்கால், வீசம். 2⁰, 2⁻¹, 2⁻², 2⁻³, 2⁻⁴. வீசத்துக்கு மாகாணி என்றும் பெயர். எண்சுவடியில் முழு எண்களை மேல்வாய் இலக்கம் என்றும் பின்னங்களைக் கீழ்வாய் இலக்கம் என்றும் பிரித்திருந்தார்கள். மேல்வாய் ஒரு பக்கம், கீழ்வாய் மறுபக்கம், நடுவே ஒன்று. தமிழ்ப் பின்னங்கள் எல்லாமே பாதி பாதியாக இறங்கும் ஏணி.

ஏ4 தாள் என்பது ஒரு மாகாணி சதுர மீட்டர். இதைச் சொன்னால் என் தாத்தா மகிழ்ந்திருப்பார்.

ஜூன் 23, காலை 8.45

"எல்லாமே பாதி பாதி" என்றது பிழை. பெரியவர் ஒருவர் சுட்டியிருக்கிறார், அவருக்கு நன்றி. மா என்றால் இருபதில் ஒன்று. காணி என்றால் எண்பதில் ஒன்று. முந்திரி 320இல் ஒன்று. இவற்றில் ஐந்தும் கலந்திருக்கிறது. மா = 2⁻² × 5⁻¹. காணி = 2⁻⁴ × 5⁻¹. முந்திரி = 2⁻⁶ × 5⁻¹. ஏணி ஒன்றல்ல, இரண்டு ஏணிகள் பின்னிக் கிடக்கின்றன.

ஆனால் திருத்தத்தால் கிடைத்தது இழந்ததைவிடப் பெரிது. நான்கு முந்திரி சேர்ந்தால் ஒரு காணி. அடுக்கில் எழுதினால் 2² × 2⁻⁶ × 5⁻¹ = 2⁻⁴ × 5⁻¹. இரண்டும் குறை ஆறும் கூடிக் குறை நான்கு. விதி அப்படியே நடக்கிறது. முந்திரியில் முந்திரிப் பங்கைக் கீழ் முந்திரி என்பார்கள், 1,02,400இல் ஒன்று. (320⁻¹)² = 320⁻². அடுக்கின் மேல் அடுக்கு வந்தால் பெருக்கவேண்டும் என்ற விதிக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குக் கிடைக்கவில்லை.

ஜூன் 23, இரவு 10.20

காலையில் எழுதியதிலேயே ஒன்றைக் கவனிக்காமல் விட்டிருக்கிறேன். மாகாணி என்ற பெயரையே பாருங்கள். மா, காணி. இருபதில் ஒன்றும் எண்பதில் ஒன்றும் சேர்ந்தது. 1/20 + 1/80 = 4/80 + 1/80 = 5/80 = 1/16. பெயருக்குள்ளேயே கூட்டல் கணக்கு இருக்கிறது!

பத்தாம் வகுப்புப் பிள்ளைகள்கூடத் தடுக்கி விழும் இடம் இது. 20⁻¹ + 80⁻¹ என்று கொடுத்தால் (20 + 80)⁻¹ என்று சேர்த்து நூறில் ஒன்று என்பார்கள். பெருக்கலுக்குச் செல்வதைக் கூட்டலுக்கும் செலுத்திவிடுகிறார்கள். 20⁻¹ × 80⁻¹ என்றால் (20 × 80)⁻¹ என்று சேர்க்கலாம், 1/1600 சரிதான். கூட்டலில் சேர்க்கமுடியாது. மாவும் காணியும் கூடி மாகாணி ஆனது, நூறில் ஒன்றாகவில்லை. நூறில் ஒன்று என்பது மாவைவிடச் சிறியது. ஒன்றோடு இன்னொன்றைக் கூட்டியபின் அது இருந்ததைவிடச் சிறுக்குமா? இந்தக் கேள்வியைக் கேட்டால் போதும், பிள்ளையே விடையை அடித்துவிடும்.

இனி இந்த விதியை மாகாணியை வைத்துத்தான் சொல்லப்போகிறேன்.

ஜூன் 25, இரவு 9.50

இதை முதலில் யார் செய்தார்கள் என்று இருவர் கேட்டிருக்கிறார்கள். ஒரே ஆளைச் சொல்லமுடியாது.

12ஆம் நூற்றாண்டில் பாக்தாதில் பிறந்த அல் சமவ்அல், ஒன்றை நடுவில் வைத்து ஒரு பக்கம் படிகளையும் மறுபக்கம் அவற்றின் தலைகீழிகளையும் வரிசையாக எழுதி, எத்தனை இடம் நகர்வது என்று எண்ணிப் பெருக்கினார். இன்றைய குறியீடு இல்லை, ஆனால் எண்ணம் இதேதான்.

என்னை மிகவும் வருத்தியது பிரான்சின் நிக்கோலா ஷூகேயின் கதை. 1484இல் எழுதிய கையெழுத்துச் சுவடியில் அவர் 12 என்ற எண்ணின் தலையில் சிறு பூச்சியம் போட்டு, தெரியாத எண் எதுவும் சேராத வெறும் 12 என்று காட்டினார். குறை அடுக்கையும் கையாண்டார். தெரியாத எண்ணை ப என்று வைத்து இன்றைய எழுத்தில் சொன்னால் 72ப ÷ 8ப³ = 9ப⁻² என்பது அவர் செய்த கணக்கு. அந்தச் சுவடி 1880 வரை அச்சேறவில்லை. ஏறக்குறைய 400 ஆண்டுகள்! அச்சு ஐரோப்பாவில் பரவிக்கொண்டிருந்த காலத்தில் எழுதப்பட்டது, அவர் பெயரில் ஒரு பாரம்கூட அச்சாகாமல் கிடந்தது. பைண்டிங் மேசையில் உட்கார்ந்து இதைப் படித்தபோது மனம் கனத்தது.

ஜெர்மனியின் மிக்கேல் ஷ்டீஃபலுக்கு அந்தக் கதி இல்லை. அவர் நூல் 1544இல் நூரெம்பெர்க்கில் அச்சானது. அதில் மேல்வரிசையில் −3 முதல் 6 வரை எழுதி, கீழ்வரிசையில் 1/8 முதல் 64 வரை எழுதியிருக்கிறார். முதல் நாள் நான் போட்ட படிக்கட்டு அதுதான், படுக்கவைத்த படிக்கட்டு. இன்று நாம் எழுதுவது போல் எண்ணின் தோளில் சிறு எண்ணை வைக்கும் வழக்கத்தை 1637இல் பிரான்சின் டேக்கார்ட் நிலைநிறுத்தினார், நேர் முழு எண்களுக்கு மட்டும். இங்கிலாந்தின் வாலிஸ் 1656இல் குறை அடுக்குகளையும் பின்ன அடுக்குகளையும் விளக்கினார். நியூட்டன் 1676இல் ஒரு கடிதத்தில், ஒன்றின் கீழ் எழுதுவதற்குப் பதிலாக அ⁻¹, அ⁻², அ⁻³ என்கிற மாதிரியில் தான் எழுதுவதாகச் சொல்கிறார். அதற்குப் பிறகு குறியீடு உறுதியாயிற்று.

இத்தனை பெரியவர்கள் இத்தனை நூற்றாண்டுகள் தயங்கித் தயங்கி வந்த இடத்துக்குப் பதின்மூன்று வயதுக் குழந்தையை ஒரே பாட வேளையில் கொண்டுவந்துவிட நினைக்கிறோம்.

ஜூன் 26, காலை 6.40

ஒன்றை மறந்தேன். 345.67 என்ற எண்ணில் 3 நூறுகள், 4 பத்துகள், 5 ஒன்றுகள். 10², 10¹, அடுத்தது? ஒன்றாம் இடம் என்று இரண்டாம் வகுப்பிலேயே சொல்லிக்கொடுத்தோமே, அதுதான் 10⁰. புள்ளிக்குப் பின்னால் 10⁻¹, 10⁻². பூச்சிய அடுக்கு ஒன்று இல்லையென்றால் கடைக்கணக்கே நின்றுபோகும்.

ஜூன் 27, இரவு 11.15

"அப்படியானால் 0⁰?" எதிர்பார்த்த கேள்விதான். முதல் நாள் "எந்த எண்ணை எடுத்தாலும்" என்று எழுதியது மிகை. 5³ ÷ 5³ என்ற வழியில் பூச்சியத்தை வைத்தால் 0 ÷ 0 என்று வந்து முட்டிக்கொள்ளும். பூச்சியம் அல்லாத எண்கள் என்று திருத்திக்கொள்ளுங்கள். 0⁻¹ என்பதோ 1/0, அதற்கு மதிப்பே கிடையாது. பள்ளித் தேர்வுக்கு இவ்வளவு போதும்.

தேர்வுக்கு அப்பால் கேட்பவர்களுக்குச் சொல்கிறேன். தமிழில் 247 எழுத்துகள். இரண்டெழுத்து வரிசைகள் எத்தனை கோக்கலாம்? பொருள் இருக்கவேண்டியதில்லை, வெறும் வரிசைகள். 247² = 61,009. ஓரெழுத்து வரிசைகள் 247. எழுத்தே இல்லாத வரிசை எத்தனை? ஒன்று. வெற்றுத் தாள். 247⁰ = 1. இனி அச்சுக்கோக்கும் பெட்டியில் ஓர் எழுத்தும் இல்லை என்று கொள்ளுங்கள். ஓரெழுத்து வரிசை கோக்கமுடியாது, 0¹ = 0. எழுத்தில்லா வரிசையோ அப்போதும் முடியும், அதே வெற்றுத் தாள். ஆகவே எண்ணிக்கைக் கணக்கில் 0⁰ஐ ஒன்று என்று கொள்வதே பொருந்துகிறது. பைத்தான் கணினி மொழியும் 1 என்றே விடை தருகிறது.

ஆனால் பூச்சியத்தை நோக்கி மெல்ல நெருங்கும் அளவுகளில் கதை வேறு. அடிமானம் (அடுக்கைத் தாங்கி நிற்கும் எண்) சுருங்க, அடுக்கைப் பூச்சியமாக வைத்திருந்தால் ஒன்றில் நிற்கும். அடிமானத்தைப் பூச்சியமாக வைத்து அடுக்கைச் சுருக்கினால் பூச்சியத்தில் நிற்கும். வரும் வழியைப் பொறுத்து விடை மாறுகிறது. அதனால்தான் 1821இல் பிரெஞ்சுக் கணித அறிஞர் கோஷி இதை மதிப்புத் தீர்மானிக்கமுடியாத வடிவங்களின் பட்டியலில் சேர்த்தார். இரண்டும் உண்மை, இரண்டும் வெவ்வேறு வேலைக்கு.

ஜூன் 28, காலை 7.00

அடைப்புக்குறி. இதில் போகும் மதிப்பெண் வேறெதிலும் போவதில்லை.

(−5)⁰ = 1. ஆனால் −5⁰ = −1. இரண்டாவதில் அடுக்கு ஐந்துக்கு மட்டுமே, குறைக் குறிக்கு இல்லை. (−2)⁻² = 1/4, −2⁻² = −1/4. 2ப⁻¹ என்றால் 2/ப, (2ப)⁻¹ என்றால் 1/(2ப). அடுக்கு தன்னை ஒட்டி நிற்பதை மட்டுமே பார்க்கும், அடைப்புக்குறி இருந்தால்தான் உள்ளே உள்ள அனைத்தையும் பார்க்கும்.

கருவியை நம்பி உட்காரவேண்டாம். எங்கள் அலுவலக விரிதாளில் −2இன் வர்க்கத்தை அடைப்புக்குறி இல்லாமல் அடித்தால் 4 வருகிறது. பைத்தானில் −4 வருகிறது. தாளில் எழுதும் மரபுப்படி −4தான் சரி.

ஜூலை 1, மாலை 7.30

கொஞ்சம் விலகிப் போகிறேன். ஜெராக்ஸ் கடையில் ஏ3 தாளை ஏ4 ஆக்கும்போது 71% என்று வைப்பதைப் பார்த்திருப்பீர்கள். பரப்பு பாதியாகிறது, பிறகு ஏன் 50% இல்லை? இயந்திரம் கேட்பது பக்கத்தின் நீளத்தை. நீளம் இரு திசையிலும் சுருங்கும், இரண்டும் சேர்ந்து பரப்பைப் பாதியாக்கவேண்டும். தன்னைத்தானே பெருக்கினால் பாதி வரும் எண் எது? 0.7071 என்று போகும். 0.71 × 0.71 = 0.5041, கிட்டத்தட்டப் பாதி. அடுக்கில் எழுதினால் அது 2இன் குறை அரை அடுக்கு. குறை அரையும் குறை அரையும் கூடினால் குறை ஒன்று.

ஒரு மடிப்புக்கு 2⁻¹ என்றால், பக்கத்துக்கு அரை மடிப்பு. தாளை அரை மடிப்பு மடிக்கமுடியாது, ஆனால் விதியைக் கைவிடாமல் பிடித்துக்கொண்டால் அதற்கும் பொருள் கிடைத்துவிடுகிறது. பூச்சியத்துக்கும் குறை எண்ணுக்கும் கிடைத்தது போலவே.

ஜூலை 3, இரவு 10.05

முதலில் கேட்டவர் மறுபடி எழுதியிருக்கிறார். மகளுக்கு ஏ0, ஏ1, ஏ4 எல்லாம் சொல்லியிருக்கிறார். அவள் திருப்பிக் கேட்டாளாம்: "ஏ0க்கு முன்னால் என்ன? ஏ குறை ஒன்று என்று தாள் இருக்கிறதா?"

எட்டாம் வகுப்புக் குழந்தையின் கேள்வி இது. எனக்கு இத்தனை ஆண்டுகளில் தோன்றவில்லை.

எத்தனை முறை வெட்டினோமோ அதன் குறை எண்தான் அடுக்கு. குறை ஒரு முறை வெட்டினால்? 2⁻⁽⁻¹⁾ = 2¹ = 2. இரண்டு சதுர மீட்டர். வெட்டுவதற்கு எதிர்ப்பதம் ஒட்டுவது, இரண்டு ஏ0 தாள்களைச் சேர்த்து ஒட்டிய தாள். அப்படி ஓர் அளவு ஜெர்மன் தரநிலையில் உண்மையிலேயே உண்டு, 1189 × 1682 மில்லிமீட்டர். ஏ குறை ஒன்று என்று பெயர் வைக்காமல் 2ஏ0 என்று வைத்துவிட்டார்கள்.

கடையில் அந்தத் தாள் கிடைக்காது. ஏ4 தாள்களைத் தரையில் பரப்பிச் செய்துபார்க்கச் சொல்லுங்கள். தாள்களை நிமிர்த்தி வைத்து ஒரு வரிசைக்கு எட்டு, மொத்தம் நான்கு வரிசை. எத்தனை தாள் வேண்டும், பரப்பு எவ்வளவு என்று அவளே அடுக்கில் எழுதட்டும். 2⁵ × 2⁻⁴ = 2¹.